ஐஸ் பெட்டிக்குள் ஆடிய கால்

சாலிகிராமத்தில் ஒரு இஸ்திரிக் கடைக்கு மேலே, மொட்டை மாடியில் போட்ட தகரக் கொட்டகையில், வாசுகி என்று ஒருவர் நடிப்புச் சொல்லிக்கொடுத்து வந்தார். வயது நாற்பதைத் தொடவில்லை. பகலெல்லாம் ஸ்டுடியோவில் கதாநாயகிகளுக்குக் குரல் கொடுப்பார். அதனால் வகுப்பில் அதிகம் பேச மாட்டார்.

"குரல் வாடகைக்குப் போயிருக்கு. மிச்சம் இருக்கிறதுதான் உங்களுக்கு" என்பார்.

பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். அந்த மிச்சக் குரலுக்காக மாலையானதும் மாடியேறி வந்தவர்களில் செல்வினும் ஒருவன்.

செல்வினுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் இடது கால் ஆடும். நின்றால் தோள் ஆடும். படுத்துத் தூங்கும்போதும் பாதம் மட்டும் போர்வைக்குள் எதையோ தேடிக்கொண்டிருக்கும். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவனுக்குச் சரியாகத்தான் இருந்தது. சிக்னலில் நிற்கிற நேரத்தைத் தவிர அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

சொந்த ஊர் சாயர்புரத்துப் பக்கம். சிறுவனாக இருந்தபோது கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவனுக்கு ஆட்டு வேஷம் கொடுத்தார்கள். முன்னணைத் தொட்டிக்குப் பக்கத்தில் படுத்துக் கிடப்பதுதான் ஆட்டுக்கு வேலை. இவன் நாலு காலில் மேடையைச் சுற்றி வந்தான். யோசேப்பின் தாடியைக் கடித்து இழுத்தான். குழந்தை இயேசுவாக வைத்திருந்த பொம்மை உருண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கில் போய் முட்டியது. சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அந்தச் சிரிப்பு அவன் காதுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறகு இறங்கவே இல்லை. கல்லூரி முடிந்ததும் அதுதான் அவனைச் சென்னைக்கு ரயிலேற்றியது.

சென்னையில் கூட்டத்தில் ஒருவனாக நிற்கும் வேலை கிடைத்தது. கல்யாணக் கூட்டம், கடைத்தெருக் கூட்டம், கோர்ட்டு வாசல் கூட்டம். எந்தக் கூட்டத்தில் நிறுத்தினாலும் கொஞ்ச நேரத்தில் மைக்கில் சத்தம் வரும்.

"அந்த நீலச் சட்டை எதுக்கு ஆடுது? அதை வெளியே எடுங்கப்பா."

இதையெல்லாம் அவனே வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைப்பான். மாஸ்டரும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் மாஸ்டர் எல்லாருக்கும் ஒரே வேஷம் கொடுத்தார். அவரவர் அம்மா.

செல்வின் துண்டை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டான். பக்கத்தில் கிடந்த தடித்த புத்தகம் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு முழங்கால் போட்டான். மேலே பார்த்து, "ஆண்டவரே, எம் பிள்ளைய ஒரு கலெக்டரா ஆக்காட்டியும் ஒரு கண்டக்டராவாவது ஆக்கியிருக்கப்படாதா" என்று விசும்பினான். மூக்கைச் சிந்தி முக்காட்டில் துடைத்தான். கூடப் படித்த பக்கிரி தரையில் விழுந்து சிரித்தான். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"எப்படி இருந்துச்சு மாஸ்டர்?"

"உங்கம்மா பார்த்தா சிரிப்பாங்களா?"

"விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"அப்ப இதுவும் அந்த ஆடுதான். உட்காரு."

செல்வின் உட்கார்ந்தான். கால் ஆடியது.

"நான் எப்ப மாஸ்டர் நடிகன் ஆவேன்?"

"கீழே போய் எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வா."

இது அவன் அடிக்கடி கேட்கிற கேள்வி. டீதான் அடிக்கடி வருகிற பதில்.

*

அந்த மழைக்காலத்தில் அவனுக்கு ஒரு அழைப்பு வந்தது. புது இயக்குநர் ஒருவர், பெயர் சங்கரபாண்டி, தன் முதல் படத்துக்கு முகம் தேடிக்கொண்டிருந்தார். கதாநாயகனுக்குத் தம்பி வேண்டும். செல்வினின் போட்டோவைப் பார்த்ததும் அதே மூக்கு, அதே நெற்றி என்று சொல்லிவிட்டாராம். உதவி இயக்குநர் ஜோதி போனில் பேசினான்.

"படம் முழுக்க வர்றீங்க. முதல் சீன்லயும் இருக்கீங்க, கடைசி சீன்லயும் இருக்கீங்க."

செல்வின் வண்டியை ஓரம் கட்டினான். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஏதோ திட்டிவிட்டுப் போனார். அது அவன் காதில் விழவில்லை.

"டயலாக் எவ்வளவு இருக்கும் சார்?"

"டயலாக் இல்ல."

"ஊமைங்களா சார்?"

"இல்ல. நீங்க இறந்து போயிட்டீங்க. ஐஸ் பெட்டில இருக்கீங்க. உங்களைச் சுத்தித்தான் கதை."

அன்று மாலை எல்லாருக்கும் முன்னால் அவன் மாடிக்கு வந்துவிட்டான்.

"பிணமாப் படுக்கவா மாஸ்டர் நான் சென்னைக்கு வந்தேன்? அதுக்கு எங்க ஊருலயே எடம் இருக்கே."

மாஸ்டர் பனங்கற்கண்டு போட்ட வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"படு" என்றார்.

செல்வின் பாயில் மல்லாந்து படுத்தான். மாஸ்டர் மிச்சம் இருந்த வெந்நீர் டம்ளரைக் கொண்டுவந்து, நிறுத்தி வைத்த அவன் இடது பாதத்தின் விரல்நுனியில் வைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மறுநாள் பேச வேண்டிய வசனத் தாளைப் புரட்டினார்.

டம்ளர் உருண்டது.

எழுந்து வந்து நிரப்பி மறுபடி வைத்தார். அதுவும் உருண்டது. பாய் நனைந்து, முதுகு நனைந்து, கீழே இஸ்திரிக் கடைக்காரர், "மேல என்னம்மா ஒழுகுது?" என்று குரல் கொடுக்கிறவரை இது நடந்தது.

"இந்தக் கால் யாருக்காக ஆடுது?" என்று மாஸ்டர் கேட்டார்.

"பழக்கம் மாஸ்டர்."

"பழக்கம்னா யாரோ பழக்கியிருக்கணுமே."

செல்வின் ஈரச் சட்டையை உதறிக்கொண்டு நின்றான். அவனுக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

மாஸ்டர் துணி எடுத்துத் தரையைத் துடைத்தார்.

"படத்துக்குச் சரின்னு சொல்லிடு" என்றார்.

அம்மாவிடம் மட்டும் அவன் முழுதாகச் சொல்லவில்லை. எஸ்தர் அம்மாள் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் கோயில் வேப்பமரத்தடியில் நின்று மகனுக்குப் போன் போடுவாள். சினிமாவுக்குப் போகாதே என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்.

"திருடனா நடி மக்கா. போலீசுகிட்ட அடி வாங்கு. குடிகாரனா வேணும்னாலும் விழுந்து கிட. செத்துப் போற மாதிரி மட்டும் எதுலயும் வந்திராத. என்னால பாக்க முடியாது."

சரிம்மா என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அதனால் இப்போது, "ஹீரோவுக்குத் தம்பி வேஷம்மா" என்பதோடு நிறுத்திக்கொண்டான். அதில் பொய் இல்லை.

*

புறநகரில் ஒரு பழைய வீட்டில் படப்பிடிப்பு நடந்தது. கூடத்தின் நடுவில் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டி. செல்வினுக்குப் புது வேட்டி கட்டி, தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, இரண்டு கால் பெருவிரல்களையும் ஒரு கிழிசல் துணியால் சேர்த்துக் கட்டிப் படுக்க வைத்தார்கள்.

ஆக்‌ஷன் சொன்னார்கள். சொன்ன வேகத்திலேயே கட் என்றும் சொன்னார்கள். சங்கரபாண்டி எழுந்து வந்து பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"முகத்துல என்னமோ வச்சிருக்கியே, என்னது அது?"

"தியாகம் சார்." தாடைக்கட்டு இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"செத்தவனுக்கு என்னய்யா தியாகம்? எல்லாத்தையும் எடுத்து வெளியே வை."

செல்வின் தியாகத்தை எடுத்துவிட்டான். அது முடிந்தது. அடுத்த முறை, அம்மாவாக நடித்த மீனலோசனி அம்மாள் தலைவிரி கோலமாக ஓடிவந்து பெட்டியின் மேல் விழுந்தார். பல வருஷம் நாடகத்தில் இருந்தவர். "என்னைப் பெத்த ராசா, கண்ணைத் திறந்து பாரப்பா" என்று அவர் அலறியபோது விளக்குப் பிடித்திருந்தவர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள்.

அந்தக் குரல் கண்ணாடியைத் தாண்டி வந்ததும் செல்வினின் இடது கால் ஆடியது. விரல்கள் கட்டியிருந்ததால் வலது காலும் சேர்ந்து ஆடியது.

கட்.

மறுபடி. மறுபடியும் அழுகைக்குக் கால் ஆடியது. வேட்டிக்கு மேல் மாலை வைத்து மறைத்துப் பார்த்தார்கள். மாலை ஆடியது.

"நான் இங்க நெஞ்சு வெடிக்க அழறேன், இவன் கீழே தாளம் போடறான்" என்று மீனலோசனி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் வரை முயன்று பார்த்துவிட்டு சங்கரபாண்டி தலையில் கை வைத்தார். திட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"நாளைக்கு லீவு. திங்கக்கிழமை காலையில ஒரே ஒரு தடவை. ஆடுச்சுன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன். கோவிச்சுக்காதே தம்பி."

செல்வின் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. பாதி தூரம் நடந்தான், பாதி ஓடினான். மாடிக்கு வந்தபோது வகுப்பு முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். மாஸ்டர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கால் நிக்க மாட்டேங்குது மாஸ்டர்."

மாஸ்டர் பாயை மறுபடி விரித்தார். அவன் உட்கார்ந்தான். கேட்காமலே சொல்லத் தொடங்கினான்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊர்க் குளத்தில் விழுந்துவிட்டானாம். தூக்கிக்கொண்டு வந்து கோயில் வராந்தாவில் போட்டார்களாம். மூச்சில்லை. வயிற்றை அமுக்கினார்கள், காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றினார்கள். கிடத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் காலடியில் உட்கார்ந்து அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். முதலில் அசைந்தது இடது கால்தான். அதற்கப்புறம்தான் மூச்சு, இருமல், அழுகை எல்லாம்.

"அன்னையில இருந்து அம்மாவுக்குத் தூக்கம் போச்சு மாஸ்டர். நான் தூங்கிட்டிருந்தா வந்து வந்து குனிஞ்சு பார்ப்பாங்க. சில நேரம் எழுப்பியே விட்டுருவாங்க. எனக்குத் தூக்கம் கெடும். அதனால அவங்க வர்ற சத்தம் கேட்டாலே, கண்ணைத் திறக்காம காலை மட்டும் ஆட்டிக் காட்டுவேன். ஸ்தோத்திரம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க."

மாஸ்டர் அவன் இடது பாதத்தைப் பார்த்தார்.

"அவங்க இங்க இல்ல. ஆனா யாரோ ஒரு அம்மா அழுதா அது பாட்டுக்கு ஆடுது."

"படத்துல என்ன வேஷம்னு அம்மாட்ட சொல்லிட்டியா?"

"ஹீரோவுக்குத் தம்பின்னு சொன்னேன்."

"நீ சொல்லாததைக் கால் சொல்லிட்டிருக்கு."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

மாஸ்டர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அன்றைய குரல் தீர்ந்துபோயிருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அம்மா கூப்பிட்டபோது செல்வின் எல்லாவற்றையும் சொன்னான். ஐஸ் பெட்டியைச் சொன்னான். தாடைக்கட்டைச் சொன்னான். கால் ஆடியதையும், நாளை ஒருமுறைதான் என்பதையும் சொன்னான். போனில் காக்காய்ச் சத்தம் கேட்டது. அம்மாவின் சத்தம் கேட்கவில்லை.

"அம்மா."

"கால் விரலைக் கட்டியிருக்காங்களா?"

"ஆமா."

"கயிறா, துணியா?"

"துணிதாம்மா."

மறுபடி காக்காய்தான்.

"சாயங்கால ரயிலுக்கு வாரேன்" என்றாள் அம்மா.

"எதுக்கும்மா? உன்னால பார்க்க முடியாதுன்னுதானே நான்..."

"என்னால பாக்க முடியாதுதான். ஆனா நான் இல்லாத எடத்துல உன்னை அப்படிக் கிடக்க விட முடியுமாலே?"

திங்கள் காலை எழும்பூரில் இறங்கியவளை அவன் நேராகப் படப்பிடிப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். வெள்ளைச் சேலை, கையில் துணிப்பை, பைக்குள் வேதப்புத்தகமும் ஒரு தூக்குவாளியில் புட்டும். விஷயம் தெரிந்த ஜோதி வாசலிலேயே நின்றுகொண்டான்.

"அம்மா, நீங்க வெளிய உட்காருங்க. உள்ள வந்தா தாங்க மாட்டீங்க."

"ஒரு தடவை தாங்கியிருக்கேன் தம்பி. அது நெசத்துக்கே."

ஜோதி வழிவிட்டான். சங்கரபாண்டி காமிராவில் படாத இடமாகப் பார்த்து, பெட்டியின் கால்மாட்டுக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார்.

செல்வினைக் கிடத்தினார்கள். விரல்களைக் கட்டினார்கள். கண்ணாடி மூடியை இறக்கினார்கள். ஆக்‌ஷன் என்ற குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

மீனலோசனி அம்மாள் ஓடிவந்து விழுந்தார். பெட்டி அதிர்ந்தது. "கண்ணைத் திறந்து பாரப்பா" என்று அலறினார்.

செல்வினின் இடது காலில் அந்தத் துடிப்பு தொடங்கியது. பாதத்தின் நடுவிலிருந்து எறும்பு ஏறுவதுபோல விரலை நோக்கி வந்தது. அவன் அதைப் பிடித்து நிறுத்தப் போகவில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் நினைத்தான். கால்மாட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் அவளுக்குத் தெரியும். அவளிடம் போய்ச் சொல்ல இனிமேல் அந்தக் காலிடம் சேதி ஒன்றும் இல்லை.

துடிப்பு விரல் வரை வந்தது. கட்டிய துணி வரை வந்தது. பிறகு, வந்த வீட்டில் ஆளில்லை என்று திரும்பிப் போகிறவர்களைப் போலப் போய்விட்டது.

ஒப்பாரி நீண்டுகொண்டே போனது. கட் என்று சொன்ன பிறகும் யாரும் அசையவில்லை. சங்கரபாண்டி வாயைக் கையால் மூடிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் எழுந்தது அம்மாதான். யாரையும் கேட்காமல் வந்து மூடியைத் தூக்கினாள். குனிந்து கால் விரல் கட்டை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்து, அந்தத் துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஓகே" என்றார் சங்கரபாண்டி.

ஆனால் செல்வின் எழுந்திருக்கக் கூடாது என்று காமிராமேன் தடுத்தார். சினிமாவில் ஒரு வழக்கம். செத்துப்போனவராக நடித்தவர், வேஷத்தைக் கலைக்கும் முன் காமிராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். செத்த முகத்தோடு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

ஜோதி தாடைக்கட்டை எடுத்துவிட்டான். "சிரிங்க ப்ரோ."

செல்வின் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை. ஊரையே சிரிக்க வைத்த முகம் அது. பக்கிரியைத் தரையில் உருட்டிய முகம். இப்போது உதடு நடுங்கியதே தவிர ஒன்றும் நடக்கவில்லை. காமிராமேன் ஏதோ தவறு நேர்ந்துவிட்டதைப் போல அங்கும் இங்கும் பார்த்தார்.

"காலை ஆட்டு மக்கா" என்றாள் அம்மா.

செல்வின் ஆட்டினான். தேங்காய்ச் சிரட்டை போலக் குதிகால் பலகையில் தட்டியது.

"ஸ்தோத்திரம்" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அதைப் பார்த்து அவன் சிரித்தான், கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிய வழிய. காமிராமேன் அதைப் பிடித்துக்கொண்டு, "போதும், எழுந்திருப்பா" என்றார்.

*

மறுநாள் மாலை அம்மாவை ரயிலேற்றிவிட்டு அவன் மாடிக்கு வந்தான். மாஸ்டர் தனியாக இருந்தார். அவனுக்கும் ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்.

"ஒரே டேக் மாஸ்டர்."

"ஜோதி போன்ல சொன்னான்."

"எல்லாரும் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க. ஆனா நான் ஒண்ணும் செய்யலையே மாஸ்டர். சும்மாதான் கிடந்தேன். அதுக்குப் பேரு நடிப்பா?"

"அம்மா என்ன சொன்னாங்க?"

"படத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல. ரூமுக்கு வந்தாங்க, புட்டை எடுத்துக் கொடுத்தாங்க, ஜெபம் பண்ணினாங்க, படுத்துட்டாங்க. நான் முழிச்சுக்கிட்டே கிடந்தேன், எப்படியும் வந்து குனிஞ்சு பார்ப்பாங்கன்னு."

"பார்த்தாங்களா?"

"இல்ல மாஸ்டர். அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்கினாங்க. ஒரு அசைவு இல்ல. அம்மா அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்ல." அவன் டம்ளரைக் கைகளுக்குள் உருட்டினான். "எனக்குத்தான் பயமாயிருச்சு. எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். மூக்குகிட்ட விரல் வச்சு மூச்சு வருதான்னு பார்த்தேன். அப்புறம் கால்மாட்டுல உட்கார்ந்து விடிய விடிய அவங்க பாதத்தையே பார்த்துட்டிருந்தேன்."

மாடிப்படியில் மற்றவர்கள் ஏறி வருகிற சத்தம் கேட்டது. பக்கிரி ஏதோ பாடிக்கொண்டு வந்தான்.

மாஸ்டர் அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு ஒரு வேஷம் கொடுத்தேனே, உங்கம்மா வேஷம்" என்றார். "அதை இப்பப் போடு."